சேர்கிற பக்கம்

பிளக்கம்மா என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் பட்டறையில் ஆளாளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். யார் வைத்தாலென்ன, பெயர் ஒட்டிக்கொண்டது. இயந்திரம் கட்டிக்கொடுக்கும் அந்தக் கம்பெனியில் சாமான் அறையின் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். வயரிங் ஆட்கள் வந்து வெட்டிய கேபிள் துண்டு ஒன்றைச் சன்னல் வழியாக நீட்டுவார்கள். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். விரல் சொல்லும் தடிமன் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அளவியை வைத்து ஒருமுறை பார்க்காவிட்டால் மதியம் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்காது. அப்படி ஒரு மனசு அவளுக்கு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போனதும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனசு.

அவள் கொடுப்பது உருண்டைக் கனெக்டர்கள். வேலை நடக்கிற இடத்திலேயே கையால் மாட்டிக்கொள்கிற வகை. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். முன்னால் ஊசிகள் இருந்தால் ஆண், துளைகள் இருந்தால் பெண். பின்னால் கம்பிகளை நுழைத்து முடுக்குவதற்குக் கடுகளவு ஸ்க்ரூக்கள். மேலே உடம்புக் கூட்டைப் போட்டு மூடி, ரப்பர் வளையம் கேபிளைக் கவ்வும்படி நட்டை முறுக்கிவிட்டால் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினாலும் உள்ளே ஒரு சொட்டு போகாது. போகக்கூடாது. அதற்குத்தான் அவள் கேள்விமேல் கேள்வி கேட்பாள். ஆணா, பெண்ணா? நேரா, முழங்கை போல மடங்கியதா? முழங்கை என்றால் கேபிள் எந்தத் திசையில் இறங்குகிறது? எத்தனை கம்பி? தண்ணீர் படுமா, எண்ணெய் படுமா? ஆடுகிற இயந்திரக் கையா, அசையாத சட்டமா?

“என்ன அண்ணி, வரன் பாக்கிற மாதிரி இவ்வளவு விசாரணை?” என்பான் கொழுந்தன்.

“வரன் தப்பாப் போனா பேசித் தீத்துக்கலாம். இது தப்பாப் போனா லைனே நிக்கும். தடிமனைச் சொல்லுடான்னா கதை சொல்றான்.”

கொழுந்தன், அவள் கணவரின் தம்பி. அவள் சொல்லித்தான் அவனை வயரிங் வேலைக்கு எடுத்தார்கள். இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. நிரந்தரம் ஆனால்தான் மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு அழைத்துவர அனுமதி கிடைக்கும். அவன் பிள்ளையைப் போனில் பார்த்ததோடு சரி. கணவர் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது அதிகம். மாமியார் அவளோடு இருக்கிறாள். விடிந்தால் போதும், “சின்னவனுக்கு இன்னும் எழுதிக் குடுக்கலையா?” என்பதுதான் முதல் பேச்சு. எழுதிக்கொடுப்பது மருமகளின் கையில் இருப்பது போலக் கேட்பாள்.

பிளக்கம்மாவிடம் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு யாரும் அவளை நியமிக்கவில்லை. ஆபீஸ் மொழி வேறு, வயரிங் ஆட்களின் மொழி தமிழ். இரண்டையும் படித்தவள் அவள் ஒருத்திதான். புது மாதிரிக் கனெக்டர் வந்தால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அவள் வாசித்துப் பார்த்துவிட்டு, சன்னலுக்கு வெளியே கூடி நிற்கும் ஆட்களுக்குத் தமிழில் சொல்வாள். வாயில் நுழையாத சொல்லுக்குக்கூட ஒரு தமிழ்ச் சொல் கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனிதர்களுக்கு ஏதாவது ஒன்றில் இருக்கத்தானே செய்யும்.

ஒருநாள் காலை, வேலை சூடுபிடித்த நேரத்தில், சன்னலோரத்து டெலிபோன் அடித்தது. மேலாளர் சைட்டிலிருந்து பேசினார். ஊர்க்கோடியில் இருக்கும் பொட்டலம் கட்டும் ஆலையில் புது உற்பத்தி லைனை ஓட்டிக் காட்டுகிற நாள் அது. வாடிக்கையாளரின் பெரிய ஆட்கள் எல்லாம் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் ஒரு சென்சாரில்கூட விளக்கு எரியவில்லை. கன்வேயர் செத்த பாம்பு மாதிரிக் கிடக்கிறது. அந்த லைனுக்குக் கனெக்டர் மாட்டியது முழுக்க முழுக்க ஒரே ஆள்.

“உங்கள் ஆள்தானே?” என்று கேட்டார் மேலாளர், அவருடைய மொழியில், மெதுவாக.

கம்பெனி வேனில் போய் இறங்கினாள். தரை முழுக்க கழுவிவிட்ட ஈரம். பெரிய ஆட்கள் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். கொழுந்தன் ஒரு தூணோரம் நின்று, வேலையே இல்லாத ஸ்க்ரூடிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ‘மீட்டர்’ என்று எல்லாரும் கூப்பிடும் மூத்த வயர்மேன்தான் வாயைத் திறந்தார். டெஸ்டிங் மீட்டர் எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது பட்டறையில் தீராத சந்தேகம்.

“வாங்க பிளக்கம்மா. உங்க கொழுந்தன் மாட்டினதுல ஒண்ணுகூட கண்ணு முழிக்கல. மொத்தமா தாலாட்டிப் படுக்க வெச்சுட்டான்.”

“சப்ளை வருதா?”

“கேபிள் வரைக்கும் ஜம்முனு வருது. கனெக்டர் வாசல்ல வந்து வழி தெரியாம நிக்குது.”

அவள் ஒரு கனெக்டரைக் கழற்றிப் பிரித்தாள். உள்ளே பார்த்ததும் ஒரு நிமிடம் கை நின்றது. அவ்வளவு சுத்தமான வேலை. நான்கு கம்பிகளும் ஒரே நீளத்தில் உரிக்கப்பட்டு, முனைக்குச் சின்னக் குழல் போட்டு நசுக்கி, ஒரு இழை வெளியே நீட்டாமல் உட்கார்ந்திருந்தன. ஆனால் பழுப்புக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை இருந்தது. நீலம் இருக்கவேண்டிய இடத்தில் கருப்பு. அடுத்ததைப் பிரித்தாள். அதே கதை. லைனின் மறுகோடிக்குப் போய் ஒன்றைப் பிரித்தாள். அங்கேயும் அச்சு அசல் அதேதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கவனமில்லாதவன் பத்து இடத்தில் பத்து விதமாகத் தப்புப் பண்ணுவான். இது ஒரே தப்பு, அதுவும் ஒழுங்கு மாறாத தப்பு. சொல்லிக்கொடுத்தால்தான் இப்படி வரும்.

“எதைப் பாத்துடா போட்ட?”

“படத்தைப் பாத்துத்தான் அண்ணி. உங்ககிட்ட வாங்கிட்டு வந்த பெட்டிக்குள்ள இருந்துச்சே.”

“படத்தை எந்தப் பக்கத்துல இருந்து பாக்கணும்?”

“நீங்கதானே சொன்னீங்க. சேர்ற பக்கத்துல இருந்துன்னு.”

“சேர்ற பக்கம் எது? தொட்டுக் காட்டு.”

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஸ்க்ரூக்கள் இருந்த பின்பக்கத்தில் விரலை வைத்தான். “இதான். கம்பியெல்லாம் வந்து சேர்ற பக்கம்.”

அவள் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். மீட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தாளில் படத்துக்குக் கீழே ஆபீஸ் மொழியில் ஒரு சொல் இருந்தது. ஆணும் பெண்ணுமாக இரண்டு கனெக்டர்கள் முகத்தோடு முகம் பொருந்தும் பக்கத்துக்கு மட்டுமே அந்த மொழியில் அந்தச் சொல் வரும். கம்பிக்கு அங்கே இடமே இல்லை. அதற்குத் தமிழ் தேடி அவள் கண்டுபிடித்ததுதான் ‘சேர்ற பக்கம்’. சொன்னபோது நாக்கில் நல்லெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கனெக்டரும் கனெக்டரும் சேர்கிற பக்கத்தை அவள் சொன்னாள். கம்பியும் கனெக்டரும் சேர்கிற பக்கம் என்று அவன் கேட்டுக்கொண்டான். இரண்டும் சேர்வதுதானே? யாருடைய தமிழில் பிழை? முன்பக்கம் பார்த்து வரைந்த வட்டத்தை அப்படியே பின்பக்கத்தில் வைத்துக் கம்பி போட்டால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகிவிடும். ஒன்று இரண்டாகும், மூன்று நான்காகும். சென்சாருக்கு மின்சாரம் வரவேண்டிய ஊசியில் வெறும் வெள்ளைக் கம்பி வந்து நிற்கும்.

இதுவரை இந்தத் தப்பு நடக்காததற்கும் காரணம் இருந்தது. வழக்கமாக வாங்கும் கனெக்டரில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலும் எண் இருக்கும். படத்தை யாரும் பார்க்கவே வேண்டாம். ஆனால் இந்த ஆலையில் தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதால் தடித்த கேபிள் இழுத்திருந்தார்கள். பழைய கனெக்டரின் ரப்பர் வளையத்துக்குள் அது நுழையவில்லை. எனவே வாய் அகன்ற வேறொரு வகையை அவள் தேடிப் பிடித்தாள். தடிமன் பொருந்தியது, தப்பாகச் சொருகாமல் தடுக்கும் காடி பொருந்தியது, தண்ணீர் தாங்கும் தரம் பொருந்தியது. எல்லாம் பொருந்திய மகிழ்ச்சியில் எண் எங்கே இருக்கிறது என்று பார்க்க மறந்துவிட்டாள். எண் இருந்தது முன்முகத்தில் மட்டும். கருப்பு பிளாஸ்டிக்கில் நகத்தால் கீறியது போல.

“முன்னாடி திருப்பிப் பாக்கவே இல்லையாடா?”

“பாத்தேனே. நம்பர் வேற மாதிரிதான் தெரிஞ்சுது. நான்தான் ஏதோ கோணல்மாணலாப் பிடிச்சிருக்கேன்னு நெனச்சேன்.” கனெக்டரை அவள் பக்கம் நீட்டினான். “நீங்க சொன்னதை விட்டுட்டு என் கண்ணை நம்பச் சொல்றீங்களா அண்ணி?”

மேலாளர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். கத்துகிற மனிதர் இல்லை அவர். அதுவே அவளுக்குப் பயம். ஆள் புதுசு, சோதனைக் காலம், கவனக் குறைவு, அனுப்பிவிட்டோம் என்று நாளை மதியம் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார். சிபாரிசு செய்தவள் என்ற பேச்சை இழுக்கமாட்டேன் என்று அவளுக்குத் தைரியமும் சொன்னார். அவர் வரையில் அது ஒரு உபகாரம்.

மதியத்துக்கு மேல் மூன்று பேரும் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து மாட்டினார்கள். பழுப்பு, வெள்ளை, நீலம், கருப்பு. பொழுது சாயும்போது சென்சார்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. யாரும் கைதட்டவில்லை.

“நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க பிளக்கம்மா,” என்றார் மீட்டர், குரலைத் தாழ்த்தி. “நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்னு போய் நின்னுடாதீங்க. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிற கதை.”

“அப்ப அவன் போகட்டும்கிறீங்களா?”

“நான் எதுவும் சொல்லல. நான் மீட்டர். காட்டுறதோட சரி.”

வீட்டில் மாமியார் கதவைத் திறந்ததுமே மகன் முகத்தைப் படித்துவிட்டாள்.

“என்னடா பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

“வேலை ஜாஸ்திம்மா.”

“வேலை இருந்தா சரிதான். குழந்தை உக்கார ஆரம்பிச்சுட்டானாம். நடக்கிறதுக்குள்ளயாவது கூட்டிட்டு வந்துருவியா? ஏம்மா, உன் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கக் கூடாதா?”

ஒரு வார்த்தை! பிளக்கம்மா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மனைவியிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. “இன்னும் கொஞ்ச நாள்தான், பொட்டி கட்ட ஆரம்பி,” என்றான். பேசி முடித்து அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, நாளைக்கு நீங்க ஒண்ணும் பேச வேணாம்.”

“ஏன்?”

“நான் போனா நான் மட்டும்தான் போறேன். உங்களுக்கு ஏதாவதுன்னா இந்த வீடே போச்சு. அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?”

“ரொம்ப வளந்துட்டே. போய்ச் சாப்பிடு.”

“நெஜமாத்தான் சொல்றேன்.”

“நானும் நெஜமாத்தான் சொல்றேன். சாப்பாடு ஆறுது.”

பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் மறுநாள் பேசவேண்டியதை ஆபீஸ் மொழியில் கோத்துப் பார்த்தாள். கோர்வையாக வரவில்லை. அந்த மொழியில் முன்முகத்துக்கு ஒரு சொல், கம்பி நுழையும் பக்கத்துக்கு இன்னொரு சொல். இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரே சொல் இரண்டு பக்கத்தையும் காட்டும் என்று அந்த மொழியில் எப்படிச் சொன்னாலும் சாக்குச் சொல்வது போலவே ஒலித்தது. தமிழில் சொன்னால் ஒரு வரி. ஆனால் தமிழில் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது. சோப்பு நுரையில் ஒரு வட்டம் வரைந்து நான்கு புள்ளி வைத்தாள். தண்ணீரை ஊற்றி அழித்தாள்.

மறுநாள் மேலாளரின் அறையில், கையில் ஒரு கனெக்டரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தான் தேர்ந்தெடுத்ததையும், எண் எங்கே என்று பார்க்காததையும், தான் சொன்ன சொல்லையும், அது எப்படிக் கேட்கப்பட்டது என்பதையும். நடுவில் இரண்டு முறை நாக்கு குழறியது. மேலாளர் கடைசிவரை குறுக்கிடவில்லை. கனெக்டரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மொழியில் நீங்கள் அவர்களுக்குச் சொல்கிற மற்றதெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

 நியாயமான கேள்வி. பாத்திரம் துலக்கும்போதே அவளுக்குள் அது முளைத்திருந்தது. இத்தனை வருஷமாகச் சன்னல் வழியாக அவள் கொடுத்த சொற்கள் எந்தெந்த லைனில், எந்தெந்த மூடிக்குள் முறுக்கி மூடப்பட்டுக் கிடக்கின்றனவோ?

மேலாளர் முடிவைச் சொன்னார். அந்த ஆள் சோதனைக் காலம் முடியும்வரை இருக்கலாம். ஆனால் இன்றிலிருந்து வேலை சம்பந்தமாகச் சன்னலிலும் சைட்டிலும் ஆபீஸ் மொழி மட்டும்தான். சொன்னது என்ன, கேட்டது என்ன என்று தன் காதிலும் விழவேண்டும். இன்னொரு முறை இப்படி நடந்தால் யார் சொன்னது, யார் கேட்டது என்று பிரித்துப் பார்க்கமாட்டேன் என்றார்.

வெளியே வந்து கொழுந்தனிடம் சொன்னாள். அவன் முதலில் கண் கலங்கினான், பிறகு சிரித்துவிட்டான்.

“எனக்கு அவங்க பாஷையில வணக்கம், முடிஞ்சுது, போதும், இந்த மூணுதானே தெரியும்?”

“கத்துக்கோ.”

“அதுக்குள்ள ஒரு தப்பு நடந்துட்டா?”

“நடக்காது,” என்றாள். அப்படிச் சொன்னது அவள் வாய். அவள் இல்லை.

வேலையைக் காப்பாற்றிக்கொண்டு நாக்கைக் கொடுத்துவிட்டு வந்த கதை என்று மீட்டர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அவரும் அன்றிலிருந்து சன்னலுக்கு வந்தால் விரலைக் காட்டி, தலையை ஆட்டி, வாங்கிக்கொண்டு போய்விடுவார். வரன் பேச்சு நின்றுபோனது. சன்னலில் இப்போது எண்களும் தலையாட்டல்களும்தான்.

கொழுந்தன் அடுத்த வேலைக்குக் கேபிள் துண்டோடு வந்தான். பின்னால் கண்ணாடி அறையில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். அவன் ஆபீஸ் மொழியில், மனப்பாடம் செய்தது போல, “காலை வணக்கம் மேடம்,” என்றான். அவளுக்கு என்னவோ போலிருந்தது. தடிமனை அளந்தாள். தண்ணீர் படுமா என்று ஆபீஸ் மொழியில் கேட்டாள். தலையை ஆட்டினான். ஆடுகிற கையா என்று கேட்டாள். அதற்கும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலை அவளுக்குத் தெரியும். அம்மா பேசும்போது எதையும் காதில் வாங்காமல் அவன் ஆட்டுவது அப்படித்தான்.

மறுபடியும் அந்த வாய் அகன்ற வகையையே கொடுக்கவேண்டியிருந்தது. கேபிள் அப்படி. முன்முகத்துக்கான அந்த ஒற்றைச் சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவன் ஆட்டினான். பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

“தம்பி, நில்லு!”

சன்னலுக்கு வெளியே எல்லாரும் திரும்பினார்கள். கண்ணாடி அறையில் ஒரு தலை நிமிர்ந்தது.

“இங்க வா. ஒண்ணை வெளிய எடு. தொளை இருக்கில்ல, அதான் இதுக்கு மூஞ்சி. ஸ்க்ரூ இருக்கிறது முதுகு. படத்துல போட்டிருக்கிறது மூஞ்சி. அதை அப்படியே முதுகுல வெச்சுப் பாக்காதே, மாறிப்போகும். மூஞ்சியில நம்பரைத் தேடி, எந்த ஸ்க்ரூ எந்த நம்பருன்னு பாத்துக்கிட்டு அப்புறம் கம்பி போடு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அண்ணி.”

“புரிஞ்சுதுன்னு சொல்லாதே. நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு.”

அவன் சொன்னான். விரலை வைத்துக் காட்டிக்காட்டிச் சொன்னான். ஒரு இடத்தில் தவறினான். அவள் திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தாள். அதற்குள் மேலாளர் வந்து பக்கத்தில் நின்றுவிட்டார். அவள் அவரைப் பார்க்காமலேயே பாடத்தை முடித்தாள்.

அந்த லைனில் சுவிட்சைப் போட்டதுமே விளக்குகளெல்லாம் எரிந்தன. சொன்ன சொல்லை மீறியது மீறியதுதான் என்றார் மேலாளர். அவளைச் சன்னலிலிருந்து எடுத்துப் பின்கட்டில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். சன்னலில் இப்போது ஒரு புது ஆள். கேபிளை உருட்டிப் பார்ப்பதில்லை, எழுதிக்கொண்டு வந்த எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதோடு சரி. கொழுந்தனை நிரந்தரம் ஆக்கினார்கள். மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். குழந்தை நடந்தேதான் வந்தான்.

மாமியாருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அவளுக்கு ஒன்று புரியவில்லை. “எல்லாந்தான் கூடி வந்துருச்சே, இவ ஏன் சாயங்காலமானா ஜன்னலையே பாத்துட்டு நிக்கிறா?” என்று சின்ன மருமகளிடம் கேட்பாள். கொழுந்தன் படியேறி வந்ததும், குழந்தையைக்கூடத் தூக்கவிடாமல், பிளக்கம்மா கையை நீட்டுவாள். இன்று சன்னலில் என்ன கொடுத்தார்கள்? அவன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைப்பான். அவள் விளக்கடியில் பிடித்து எண் எங்கே என்று தேடுவாள். சில நாள் உடனே கிடைக்கும். சில நாள் ரொம்ப நேரம் தேடுவாள். அன்றைக்கு அவன் மாட்டிவிட்டு வந்ததெல்லாம் அதற்குள் மூடி முறுக்கியாகியிருக்கும்.